ஏழாம் கேள்வி

உள்ளூர் அகழாய்வுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கல்லூரியில் கொடுத்த பட்டியலில் லூர்து காலனியும் இருந்தது. கடல் கொண்டுபோய்ப் பதினைந்து வருடம் ஆகிவிட்டால் எந்த ஊரும் தொல்லியல் களம்தான். ஜெனிட்டா பிறந்த ஊர் அது. புயலன்று படகு எஞ்சினைத் தூக்கிவர வீட்டுக்குள் திரும்பிப் போன அவளுடைய அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார், மணலுக்கடியில்.

விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வியில் அவள் கை நின்றது. 'இவ்விடத்தில் வாழ்ந்தோர் எவரேனும் உயிருடன் உள்ளனரா?' ஆம் என்றால் தோண்ட அனுமதி கிடையாது. இல்லை என்றால், கிடைக்கும் எலும்புக்கு எண் போட்டு அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார்கள். பிறகு யாரும் உரிமை கோர முடியாது.

"வேற இடம் எடுத்துக்கிடுதேம்மா. பழைய உப்பளம் ஒண்ணு இருக்கு."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா செலின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கல்லறைத் திருநாள்தோறும் யாரோ ஒருவருடைய கல்லறை ஓரத்தில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருகிறவள் அவள்.

"யாரும் இல்லன்னு எழுதுட்டி."

"நீ இருக்கியேம்மா. நான் இருக்கேன்."

"நாம இருந்தா அவர எடுக்க விடமாட்டாங்கல்லா. எழுது."

ஜெனிட்டா எழுதினாள். அடுப்படிக்குத் திரும்பிய செலின் பாதியில் நின்றாள்.

"உங்க அப்பாக்கு என்ன நம்பர் போடுதாங்கன்னு மட்டும் பாத்து வச்சுக்கோ. கல்லறைத் திருநாளுக்கு எந்தப் பெட்டி முன்னால நிக்கணும்னு எனக்குத் தெரியணும்லா."