நாகவல்லியின் ஊட்டி எஸ்டேட்

“ஊட்டியில உங்களுக்கு எத்தனை ஏக்கர் இருக்கும்மா?” என்று எட்மண்ட் சார் கேட்டதும், நாகவல்லி கையிலிருந்த முளைக்கீரைக் கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

வெள்ளானூரில் அவளுக்கு ஒரு முழம் நிலம்கூடச் சொந்தமில்லை. யாரோ வாங்கிப் போட்டுவிட்டு வீடு கட்டாமல் வைத்திருக்கும் காலி மனையில், அவர் வந்து விரட்டும் வரைக்கும் ஓடட்டும் என்று கீரை விதைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஊட்டியில் ஏக்கராம்.

“இன்னா சார் வெளாட்றீங்களா? ஊட்டிக்கு எந்த பஸ்ஸு போவுதுன்னே எனக்குத் தெரியாது. குந்தியிருக்கற ஊடே வாடகை ஊடு.”

எட்மண்ட் விளையாடுகிற ஆளில்லை. அம்பத்தூரில் இருக்கும் ‘குரல் சந்தை’ ஆபீசிலிருந்து விசாரணைக்கென்றே வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகளும் விளைந்ததை நேராக விற்றுப் பிழைக்கட்டும் என்று ஏற்பட்ட திட்டம் அது. கம்ப்யூட்டரே போன் போட்டுக் கேள்வி கேட்கும். வாயால் பதில் சொன்னால் போதும், பெயர் பதிவாகிவிடும். காலையில் வேன் வந்து சரக்கை அள்ளிக்கொண்டு போகும்.

ஆறு மாதம் முன்னால் நாகவல்லிக்கும் அப்படித்தான் போன் வந்தது. அடுப்பில் குழம்பு பொங்கி வழிகிற நேரம். அது ஏதோ கேட்டது, இவள் ஏதோ சொன்னாள், வைத்துவிட்டாள்.

மறுவாரத்திலிருந்து யோகம்தான். முகப்பேர் அடுக்குமாடிக்காரர்கள் அவள் கீரைக்கு அடித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பாத்தி ஜெயப்பிரியா போட்டதும் அதே விதை, பாய்ச்சியதும் அதே கிணற்றுத் தண்ணீர். அவள் கீரையைச் சீந்துவாரில்லை.

“எங்க லிஸ்ட்டுல உங்க சரக்கு ‘ஊட்டி கீரை’ன்னுதான் இருக்கு. ஜனங்க எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க,” என்று எட்மண்ட் தன் போனைப் பார்த்துப் படித்தார். “‘கடையும்போதே மலைக்காத்து வாசம் வருது.’ ‘ரெண்டு வாய் சாப்பிட்டேன், ஃபேனை நிறுத்திட்டேன்.’ ஒருத்தர், குழந்தைக்குச் சளி பிடிச்சிடுச்சு, குளிர்ச்சியைக் கொஞ்சம் கம்மி பண்ணி அனுப்புங்கன்னு எழுதியிருக்கார்.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயப்பிரியா மோவாயில் கை வைத்தாள். “அதான பாத்தேன். ஊட்டிலேர்ந்து லாரில எறக்கிகினு, இங்க வெளைஞ்சதுன்னு எங்க கண்ணுல மண்ணைத் தூவிகினு கீறியாக்கா?”

“அடிப்பாவி, தெனம் என் பாத்தில குந்திகினு களை புடுங்கறவளே நீதானேடி.”

ஜெயப்பிரியா யோசித்துப் பார்த்தாள். “ஆமா, அதுவும் வாஸ்தவந்தான்,” என்று வாயை மூடிக்கொண்டாள்.

எட்மண்ட் தொண்டையைக் கனைத்தார். “இதோ பாருங்கம்மா. ஊட்டியில எஸ்டேட் இருந்தா, ஏழைங்க திட்டத்துல உங்களுக்கு இடமில்லை. எஸ்டேட் இல்லேன்னா, பொய் சொல்லி வித்திருக்கீங்க, அதுக்கும் இடமில்லை. எப்படிப் பார்த்தாலும் இன்னையோட உங்க பேரை எடுத்தாகணும்.”

பெயரை எடுத்துவிட்டால் நாகவல்லி மறுபடி கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். பாதியை விற்று, வாடினதை மாட்டுக்குப் போட்டுவிட்டு வர வேண்டும். பத்து வருஷத்துக் கழுத்துவலி இந்த ஆறு மாதமாகத்தான் அவளை விட்டிருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“திருவேற்காட்டு ஆத்தா மேல சத்தியம் சார். ஊட்டின்ற பேச்சையே நான் எட்த்ததில்ல. எவனோ வேணும்னே கோர்த்து உட்டுகீறான்.”

“எவனோ இல்லம்மா. நீங்களேதான் சொல்லியிருக்கீங்க. முதல் நாள் நீங்க போன்ல பேசினது அப்படியே ரெக்கார்டு ஆகியிருக்கு.”

“அப்ப போடுங்க சார், நானும் கேக்கறேன். நான் சொல்லிகீறேன்னு தெரிஞ்சா, நானே பேரை அட்ச்சிட்டுப் போறேன்.”

எட்மண்ட் சத்தத்தைக் கூட்டி வைத்தார். கம்ப்யூட்டர் பெண்மணி வெண்கலக் குரலில் சுத்தத் தமிழில் கேட்டாள்: “வணக்கம். தாங்கள் விற்க விரும்பும் விளைபொருளின் பெயரையும் அது விளைந்த ஊரையும் கூறவும்.”

பின்னால் குழம்பு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. பிறகு நாகவல்லியின் குரல், பட்டாபிராம் வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

“ஊட்ல கீறேன்.”