கல்லை மாற்றி வை

சலீமா ஏரிக்கரையில் கொண்ட்வானி வீட்டுத் தொட்டியில் பல ரக மீன்கள் ஒன்றாய் வளர்ந்தன. அன்று காலை ஒரு புது மீன் வந்தது. கொண்ட்வானி தொட்டிக்குள் கையை விட்டுக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருந்ததை ஏன் கலைக்கிறீங்க?" என்றாள் மனைவி தியாமிகே.

"பழசுங்களுக்கு ஒவ்வொரு மூலையும் தன் பாட்டன் சொத்துன்னு நினைப்பு. புதுசு வந்தா கடிச்சுக் குதறிடும். கல்லை மாத்திட்டா எது தன் இடம்னே தெரியாம முழிக்கும்."

"அப்பவும் சீறினா?"

"விளக்கை அணைச்சிட்டு வயிறு முட்டத் தீனி போடணும். அப்புறமா புதுசை மெதுவா உள்ள விடணும்."

"அட, இவ்வளவுதானா!"

மாலையில் அவன் வேலையிலிருந்து திரும்பினான். ஜன்னலோரத்தில் அவனுடைய நாற்காலியைக் காணோம். டிவி எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. கூடத்தில் ஒற்றை மெழுகுவர்த்திதான் எரிந்தது.

"கரண்ட் இல்லையா?"

"முதல்ல சாப்பிடுங்க."

சோளக்களியும் முழுசாக வறுத்த சாம்போ மீனும் வந்தன. மறுபடியும் வந்தன. ஏப்பம் விட்டபடி எழுந்தவன், எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் விழித்தான்.

தியாமிகே வாசற்கதவைத் திறந்து, வெளியே நின்ற தன் தாயை அழைத்தாள்.

"பெட்டியோட உள்ள வாம்மா. போன தடவை மாதிரி கடிக்க மாட்டாரு."