எண்டிமியனின் தோள்

இன்றைக்கும் வசுமதி அந்தப் பையனின் தோளில்தான் இருந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால், தூசு தூசாக.

அவள் புருஷன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவன். மியூசியத்தில் பழைய படங்களைச் சுத்தம் செய்யும் இந்த அறையில் புருஷன் என்ற முறையில் அவனுக்குப் பார்க்க உரிமை உண்டு. பேச இல்லை. மின்விசிறி போடவும் இல்லை. படமாகக் காகிதத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பது வண்ணச் சாக்கட்டிப் பொடி. பலமாகத் தும்மினால் கிரேக்கப் புராணத்தில் பாதி பறந்துவிடும்.

படம் இருநூறு வருஷப் பழசு. நிலாவையும் பெருமூச்சையும் விட்டால் வேறெதுவும் வரையப் பிடிக்காத காலத்து வெள்ளைக்காரன் எவனோ வரைந்தது.

குகை வாசலில் எண்டிமியன் என்றொரு ஆட்டுக்காரப் பையன் சட்டையில்லாமல் தூங்குகிறான். நிலாத் தேவதை மேகத்திலிருந்து குனிந்து அவனையே பார்க்கிறாள். அவள் ஆசைப்பட்டதால்தான் அவனுக்கு அந்த முடிவில்லாத தூக்கமாம். வயசே ஆகாதாம்.

கொடுத்துவைத்த பயல்.

வேலையே தூங்குவது. தொப்பை கிடையாது. குறட்டை விட்டாலும் காகிதத்தில் கேட்காது.

இவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பியவன். பழுது பார்த்த நெஞ்சுக்கு இத்தனை பொறாமை ஆகாது என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் டாக்டர் ஊறுகாயைத்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார். பொறாமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வசுமதி தன்னை இப்படிக் குனிந்து பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? இப்போதெல்லாம் மாத்திரை போட்டாச்சா என்பதோடு சரி.

பொறுக்கவில்லை.

எழுந்து போய் அவள் முன்னிருந்த பூதக்கண்ணாடிக்குள் தலையை நீட்டினான். பையனிடம் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டால் போதும். எங்கே தேடியும் அகப்படவில்லை. தேவதையிடம் அகப்பட்டது.

"கண்ணுக்குக் கீழ அழுக்கு அப்படியே இருக்கே வசு. ஆட்டுக்காரனுக்கு மட்டும்தான் குளியலா?"

அவள் முகமூடிக்குள் சிரித்தாள்.

"அது அழுக்கு இல்லீங்க. வரைஞ்சவன் போட்ட நிழல். ராத்திரியெல்லாம் முழிச்சு ஒருத்தனையே பாத்துட்டிருந்தா பின்ன எப்படி இருக்கும்?"

அவன் நிமிர்ந்தான்.

முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. கண்களுக்குக் கீழே, யாரும் வரையாத அதே நிழல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் இத்தனை நல்ல தூக்கம் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தான் அவன். அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன் என்றான். விடியும்வரை புரண்டுகூடப் படுப்பதில்லை என்றான்.

நடுவில் எப்போதோ ஒரு தடவை, மூக்குக்குக் கீழே விரல்போல மெத்தென்று ஏதோ வந்து நின்றது.

கொசு என்று தட்டிவிட்டிருந்தான்.