பச்சை பிரஷ்

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. தனியாக வீடெடுத்துத் தங்கியிருந்த பெண்ணிடம், மகனையும் இழுத்துக்கொண்டு வந்த வருங்கால மாமியார் மரபணுப் பரிசோதனை அறிக்கையை நீட்டினாள்.

"உனக்குத் தாய்வழியா சர்க்கரை வியாதி வருமாம். இந்தச் சம்பந்தமே வேண்டாம்மா!"

"என்னைக் கேக்காம டெஸ்ட் பண்றது சட்டப்படி தப்பாச்சே அத்தை. எப்படிப் பண்ணீங்க?"

"போன மாசம் வந்தப்போ உன் பாத்ரூம்லேர்ந்து பச்சை பிரஷ்ஷை எடுத்துட்டுப் போனேன்" என்றாள், ஏதோ கோட்டையைப் பிடித்த பெருமையில்.

"என்னோடது சிவப்பு, அத்தை."

"அப்ப பச்சை யாரோடது?"

பெண் வாசலில் அவசரமாகச் செருப்பு தேடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"வாராவாரம் ஆபீஸ் டூர்னியேடா, இங்கேதானா?" அம்மா அலறினாள்.

பெண் காபியை நீட்டினாள்.

"தாய்வழின்னு போட்டிருக்கே அத்தை, அதான் உங்களுக்கும் சர்க்கரை போடலை."