தூசி இல்லாத மொட்டைமாடி

எல்லாரும் நல்லா இருக்கியளா? தூசி, இருமல்னு யாரும் கஷ்டப்படலையே? எங்க சங்கரன்கோவில் பக்கம் நடந்த கூத்தைக் கேளுங்க.

நாலுவழிச் சாலை வேலையில் எவ்வளவு தூசி கிளம்புகிறது என்று ஆராய வந்தவள் சுமதி. முப்பிடாதியம்மாள் வீட்டு மொட்டைமாடியில் தூசியை அளக்கும் மிஷினை நேற்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்று வந்து பார்த்தால், தூசியே பதிவாகவில்லை.

கூட வந்த ரோடு இன்ஜினியர் இசக்கித்துரைக்கு ஒரே குஷி. "பாத்தியளா மேடம்? இங்கன தூசியே இல்ல. பெறகு எதுக்குத் தண்ணி லாரி?"

சுமதிக்கு முகம் வாடிவிட்டது. அளவு காட்டினால்தான் இந்தத் தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்ல முடியும்.

"யம்மா, மிஷினை யாரும் தொட்டாங்களா?" என்று முப்பிடாதியம்மாளிடம் கேட்டாள்.

"தொட விடுவனா தாயி? வெலை கூடுன சாமான்லா! தூசி விழுந்து கெட்டுரக் கூடாதுன்னு, நீ போனதுமே எங்க வீட்டுக்காரரு வெள்ளை வேட்டியைச் சுத்திப் போத்திட்டேன். இப்பதான் எடுத்தேன்."

இசக்கித்துரை விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த வேட்டி எங்கம்மா?"

"இந்தா, துவைக்கப் போட்டிருக்கேன்."

வேட்டி செம்மண் நிறத்தில் கிடந்தது. "ஒரே நாள்லயா?" என்றபடி எடுத்து ஓர் உதறு உதறினார் இசக்கித்துரை. கிளம்பிய தூசியில் ஆளே தெரியவில்லை. இருமலுக்கு நடுவே போனில் அவர் குரல் மட்டும் கேட்டது:

"ஏலே... தண்ணி லாரியை உடனே இங்கன அனுப்புலே!"

உங்க ஊர்ல ரோடு போட்டப்ப என்னவெல்லாம் நடந்துச்சு? எழுதிப் போடுங்க, நானும் படிச்சுச் சிரிக்கணும்லா!