கிளப் கையுறை

கோல்கீப்பரான என் கணவர் பெல்லார்மினை அடக்கம் செய்த நாளில்தான் லீக்கின் கடைசி ஆட்டம். பெட்டியைத் தூக்க அணி முழுவதும் வந்துவிட்டது. மைதானத்துக்கு ஒருவரும் போகவில்லை. ஆட வராத குற்றத்துக்கு லீக் எங்கள் கிளப்பின் புள்ளிகளில் மூன்றைக் குறைத்தது. அந்த மூன்றும் இருந்திருந்தால் தப்பியிருப்போம். கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஏழாம் நாள் சாப்பாட்டுக்குக் கிளப் செயலாளர் ததேயுஸ் வந்தார். இலையில் கை வைக்கவில்லை.

“ஐஸ் பெட்டி நான் கொண்டுதாறேன், அடக்கத்த மறுநாள் வைன்னு சொன்னேன்லா? கேட்டியா? மூணு புள்ளியையும் சேத்துல்லா பொதச்சிட்ட.”

“ஆட்டத்த மறுநாள் வைங்கன்னு நீங்க லீக்குல கேட்டீங்களா அண்ணே?”

ததேயுஸ் இலையைத் தள்ளிவைத்தார்.

“அவன் கையுறைய எடு. அது கிளப் சொத்து. புது கீப்பருக்கு வேணும்.”

“அவர் கையிலதான் கெடக்கு. போய்க் கழத்திக்கிடுங்க.”

பின்களத்தில் ஆடும் சூசை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: “பாத்து அண்ணே. அவன் பிடிச்சத விட்டதில்ல.”

யாரோ சிரித்தார்கள். ததேயுஸ் எழுந்தார். சுவரோரம் சாய்த்திருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

நான் போய், வாசல் நிலைக்கு நடுவே இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.