வித்துப் போடாத போத்தல்

காளான் வளர்க்க வைக்கோல் அடைத்த போத்தல்களை மியூரியல் தார்ப் பீப்பாவில் நாள் முழுக்க அவித்தாள். உள்ளே ஓர் உயிரும் மிஞ்சக் கூடாது. பிறகு, குண்டுவீச்சுக்கு ஒளிய வீட்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஆற வைத்தாள்.

மறுநாள் காலை இருவரும் இறங்கிப் பார்த்தபோது ஒரு போத்தலின் உட்புறம் மூச்சுப் பட்டதுபோல வெளிறியது, தெளிந்தது, மறுபடி வெளிறியது.

"சூடு ஆறேல்லைப் போல," என்றார் கணவர் செல்வத்துரை.

"தொட்டுப் பாருங்கோ. ஐஸ் மாதிரிக் கிடக்கு. நான் இன்னும் காளான் வித்துக்கூடப் போடேல்லை."

தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது வானில் ஆமியின் ஹெலிகொப்டர் இரைந்து வந்தது. வழக்கம்போல இருவரும் மூச்சை அடக்கிக் குந்தியிருந்தார்கள். போத்தலும் வெளிறியபடியே நின்றுவிட்டது.

இரைச்சல் தேய்ந்து அடங்கியது.

"போயிட்டுது," என்று செல்வத்துரை எழும்பினார்.

மியூரியல் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். போத்தல் இன்னும் மூச்சு விடவில்லை.